ஆறு பேர் குறைந்த கிடங்கு

அம்மாவுக்கு மகளின் வணக்கம். நான் நலம். உனக்கு இருமல் நின்றதா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா?

எங்கள் கிடங்கை அப்படியே கம்ப்யூட்டரில் உருவாக்கி, ஆட்களுக்குப் பதில் புள்ளிகளை நடக்கவிட்டு, எந்த அலமாரியை எங்கே வைத்தால் நடை மிச்சமாகும் என்று மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அலமாரிகளை மாற்றினோம். நடை பாதியாகிவிட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கைதட்டினார்.

மறுநாளே ஆறு பேரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். தினமும் தன் சாப்பாட்டு டப்பாவில் பாதியை எனக்கு வைப்பாரே, அந்த பேக்கிங் அக்காவும் அதில் ஒருவர். இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை அம்மா. "எங்க கால் நோகக் கூடாதுன்னுதானே செஞ்சே, அழாதே" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நீ பதறாதே, என் வேலைக்கு ஆபத்தில்லை. எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. அப்புறம், மத்தியானம் ஒரு மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பாயா? பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை போனை வைத்துவிடாதே.

மேனேஜர் கூப்பிடுகிறார். அடுத்த கிடங்கையும் நான்தான் பார்க்க வேண்டுமாம்.

உன் மகள்