சேறு பூசிய புதுச் சைக்கிள்

என் அன்பு மச்சாளுக்கு,

நேற்று ஒரு புதுச் சைக்கிள் வாங்கினேன். சிவப்பு. களுவாஞ்சிக்குடிக் கடையில் எடுத்து, வாவிப் பாலத்தால் அதில் ஏறி மினுங்க மினுங்க ஓடி வந்தேன். ஒருத்தரும் மறிக்கவில்லை. பாலத்தடிச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். இப்போது சண்டையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் மச்சாள். எத்தனை நாளைக்கோ, யாருக்குத் தெரியும்?

பாலம் தாண்டியதும் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டில் அண்ணன் இருக்கிறார், உங்கட மகள் இருக்கிறாள். ஆனால் ஒரு சைக்கிளுக்காக ஒரு மனுசி இவ்வளவு சந்தோசப்படலாம் என்பது உங்களுக்குத்தானே விளங்கும்.

அம்மா செத்த வருசம் அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு பழுகாமத்தில் உங்கட வீட்டுக்கு வந்தார். என்னைத் தனியே விட மனமில்லாமல் கூட்டி வந்தார். அப்பாவின் பழைய சைக்கிளில் முன்னால் பாரில் நான், பின்னால் கரியரில் என் உடுப்புப் பெட்டி. வாசலுக்கு வந்த நீங்கள் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள். "இறங்குகா, கால் விறைச்சிரிக்கும்" என்றீர்கள். நீங்கள் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

அந்தச் சைக்கிளில்தான் ஓடப் பழகினேன். ஆம்பிளைச் சைக்கிள், சீட்டில் இருந்தால் கால் எட்டாது. பாருக்குக் கீழால் காலை விட்டு மிதிப்பேன். "விழுந்து பல்லு உடையட்டும், மறுகா உன்னை ஆரு கட்டுவான்?" என்று ஏசுவீர்கள். ஏசிக்கொண்டே வேலியோரம் நின்று பார்ப்பீர்கள். நீங்கள் மட்டும் ஒரு நாளும் ஏறியதில்லை. கேட்டால், "தையல் மெசினை மிதிச்சே கால் ஓஞ்சு போச்சு" என்பீர்கள்.

ஆமி வருகிறது என்று ஊரே வயல் வட்டைக்குள் ஓடிய நாளில் அந்தச் சைக்கிள் எங்கட வீட்டையே சுமந்தது. அரிசி மூட்டை, சட்டி பானை, உங்கட தையல் மெசினின் தலை. கைக்குழந்தையாய் மகள் உங்கட இடுப்பில். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, சைக்கிளுக்கு நேரான சில்லும் இல்லை.

பிறகு அண்ணன் பொறுக்கிப் பொருத்திய சைக்கிள். பார் ஒன்றினுடையது, சில்லு இன்னொன்றினுடையது. ரியூப் கிடைக்காத காலத்தில் ரயருக்குள் வைக்கோலை அடைத்து ஓடினேன். நான் போய்ச் சேருமுன்னே அதன் சத்தம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். அப்போது நான் சம்பளமில்லாத் தொண்டர் ஆசிரியை.

எனக்கு நியமனம் கிடைத்த அன்று நீங்கள் துள்ளவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையில் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "இனி வைக்கோல் சைக்கிள்ல போறது சரிவராது. புதுசு வாங்குவம்" என்றீர்கள்.

அதே களுவாஞ்சிக்குடிக் கடை, நீலச் சைக்கிள். கடைக்காரர் அதை என் கையில் தந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, அக்கரைக்குப் புதுச் சைக்கிள் ஆமி விடுறாங்க இல்ல, இயக்கத்துக்குப் போகும் எண்டு. பாலத்தில பறிச்சுப் போடுவாங்க. பழசு எண்டால் கேக்கமாட்டாங்க."

நான் திருப்பிக் கொடுக்கப் போனேன். நீங்கள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டீர்கள். "அப்ப பழசாக்குவம்."

வாவிக்கரையில் கண்ணா மரப் பற்றைக்குப் பின்னால் குந்தி இருந்து சேற்றை அள்ளி அள்ளிப் பூசினோம். மட்காட்டுக்கு, பாருக்கு, பெல்லுக்கு. "பாவம், பாவம்" என்று சொல்லிச் சொல்லிப் பூசினீர்கள். எனக்கு அழுகை வந்தது, உங்களைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது. சீட்டில் ஒரு கிழிந்த உரப்பையைச் சுற்றிக் கட்டினீர்கள்.

சென்றியில் நின்ற ஆமிக்காரனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். பாரில் விரலால் தேய்த்தான். நீலம் மினுங்கியது.

"இது யார் சைக்கிள்?"

நான் வாயைத் திறக்குமுன்னே, "என்ட" என்றீர்கள் நீங்கள். "நான்தான் சந்தைக்கு ஓடுற."

"சரி, ஓடுங்க. நான் பாக்கிறது."

ஒரு நாளும் சைக்கிள் ஏறாத ஆள் நீங்கள். சைக்கிள் போனால் போகட்டும். பொய் சொன்னதற்கு உங்களை மறித்து வைத்தால்? அப்படி மறித்து வைத்த ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி வந்தார்களா?

நீங்கள் சீலையைத் தூக்கிச் செருகினீர்கள். ஏறினீர்கள். சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. பிறகு எப்படியோ ஓடத் தொடங்கியது. பாலத்தில் மீன் கூடையோடு வந்த மனுசன் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஒரு முறையும் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். ஆமிக்காரன் சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்களும் போங்க" என்றான்.

நான் ஓடி வந்து பார்க்க, அக்கரையில் ரோட்டோரப் பற்றைக்குள் சைக்கிள் கிடந்தது. பக்கத்தில் நீங்கள், முழங்கை உரசி இரத்தம் வர, காலை நீட்டி இருந்தீர்கள்.

"பழசெண்டாலும் நல்லா ஓடுது கா" என்றீர்கள்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் இருவரும் அதைக் கழுவினோம். நீலம் வெளியே வர வர, முழங்கை எரிய எரிய, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தீர்கள். அடுத்த கிழமையே ஒழுங்காகப் பழகத் தொடங்கிவிட்டீர்கள். பிறகு நான் பள்ளிக்கூடம் போகாத நாளெல்லாம் சைக்கிள் உங்களுடையது. தைத்த சட்டைகளைக் கரியரில் கட்டிக்கொண்டு நீங்கள் சந்தைக்குப் போகும்போது, வயலுக்குள் நிற்கிற அண்ணன் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை நீங்கள் கவனித்தீர்களோ, தெரியாது.

முந்தின மாரியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. குண்டுக்கும் துவக்குக்கும் தப்பின ஆள் காய்ச்சலில் போவதா என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். இப்போது கேட்பதில்லை. நீலச் சைக்கிள் அதன்பிறகும் ஓடியது. வாவியின் உப்புக்காற்று பாரைத் தின்று, போன மாதம் அது இரண்டாக முறிந்தது. முறியும்வரை உழைத்தது.

அண்ணன் நீங்கள் போன பிறகு வயலையும் வீட்டையும் விட்டு வேறெங்கும் போவதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. நேற்று நான் சிவப்புச் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தியதும் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நான் ஒருக்கா ஓடிப் பாக்கட்டா?" என்று, என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரிக் கேட்டார். கோயிலடி வரை போனவர் நெடுநேரம் வரவில்லை. மகள் பயந்து வாசலில் போய் நின்றாள். பொழுதுபடும் நேரம், பெல்லை அடித்துக்கொண்டு வந்தார். வட்டை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினாராம். சந்தியில் கூட்டாளிமாரோடு தேத்தண்ணி குடித்தாராம். முகத்தில் சிரிப்பு இருந்தது மச்சாள். இரவு சாப்பிடும்போதும் இருந்தது.

மகள் சோதனையில் நல்லாச் செய்திருக்கிறாள். தை மாதத்தில் இருந்து களுவாஞ்சிக்குடியில் படிக்கப் போகிறாள். காலையில் நானே கரியரில் வைத்துக் கொண்டுபோய் விடுவேன், பின்னேரம் நானே கூட்டி வருவேன். பாதை திறந்திருந்தாலும் சரி, திரும்பப் பூட்டினாலும் சரி, அவளுடைய படிப்பு ஒரு நாளும் நிற்காது. இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

என்றைக்கும் உங்கட வீட்டுப் பிள்ளையாக,
உங்கட மச்சாள்
புவனா