ஒரேத்தோவில் காய்ச்சிய பால்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன், யாரும் உதவவில்லை. பங்குக் கோவில் வகுப்பில் தமிழ் எழுத்துப் பழகத் தொடங்கி எட்டு மாதம். இந்த ஒரு பக்கத்தை எழுதத் தொடங்கி இன்றோடு மூன்று நாள். பெரிய சந்தோஷம்.

ஜப்பானில், கோபேயில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, வழிந்த பால் கருகி, அந்தப் புகையில் நெருப்பு மணி அடித்து, மாடிக்காரர் எல்லோரும் இறங்கி ஓடியதை இரண்டு தரம் வாசித்துச் சிரித்தேன். மறுநாள் அந்த ஊர் வழக்கப்படி வீடு வீடாகத் துவாய் கொடுத்து மன்னிப்புக் கேட்டது நல்லது. வழி தவறினால் மலை எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று பார்த்தே வீடு திரும்புகிறீர்களாம். கெட்டிக்காரர்கள்.

எனக்கும் அங்கே ஓர் அறை ஒதுக்கியிருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

கால்சாப் பகுதியில் நாம் இருந்த பழைய வீட்டை விட்டுவிட்டேன். இப்போது இதே நகரத்தின் இன்னொரு பக்கம், ஒரேத்தோவில் ஒரு சின்ன வீடு. நேற்று நானும் பால் காய்ச்சினேன். சாமான் தூக்கி வந்த கிறிகோரி சிரித்தான்.

“அண்ணை, ஜப்பானுக்குப் போறவர் இஞ்சை ஏன் பால் காய்ச்சுறியள்?”

“பேசாமல் பாலைப் பாரடா, பொங்கப் போகுது.”

பொங்கியது. இருவரும் குடித்தோம்.

பால் காய்ச்சினால் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், உனக்குத் தெரியும். கால்சாவிலிருந்து உன் அம்மாவின் கல்லறைக்கு இரண்டு பஸ். இங்கிருந்து நடந்தே போகலாம். இன்று காலை போனேன். கல்லில் தமிழில் வெட்டியிருக்கும் பெயரை எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன்.

அந்த அறையைப் பிள்ளைகளுக்குக் கொடு.

அன்புடன்,
அப்பா