உள்பக்கத் தாழ்ப்பாள்

ஜூலை 7, திங்கள்

காலையிலேர்ந்து தூறல். மாரெட்பள்ளியிலேர்ந்து கச்சிபௌலி போறதுக்குள்ள பாதி உயிர் பஸ்சுலயே போயிடுச்சு. கடையில இனிமே எனக்கு பில்லிங் இல்லையாம், டிரையல் ரூம் வாசல். யார் எத்தனை துணி எடுத்துட்டு உள்ள போறாங்க, அத்தனையும் வெளிய வருதான்னு பாக்கணும். நமக்கு ஸ்டூல் கிடையாது. எதிர்ல சோபா இருக்கு, அது கஸ்டமரோட வந்தவங்களுக்கு.

பொழுது போகணுமே. ஆளுங்களைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்.

– காலேஜ் பொண்ணுங்க. போட்டோ எடுத்துட்டு எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறாங்க.
– விலையைப் பாத்துட்டு, கலர் பிடிக்கலைன்னு சொல்ற அம்மாக்கள்.
– சோபாவுல தூங்கற ஆம்பளைங்க.
– தூங்காத ஒருத்தர். கண்ணு டிரையல் ரூம் கதவு மேலயே. பொண்டாட்டி கை நிறைய சுடிதாரோட உள்ள போச்சு. சின்னப் பொண்ணு. ரொம்ப நேரம் வரல. கடைசியில ஒண்ணும் வாங்கல.

ஜூலை 9, புதன்

கணுக்கால் வீக்கம். ஷாரனுக்கு ஸ்கூல் ஷூ வாங்கணும், மறந்துட்டே இருக்கேன்.

அதே ஜோடி. பொண்ணு கடைசி ரூம். துணி மாத்தற சத்தமே இல்ல. போன்ல மெல்லிசா பேச்சு. இந்தத் தெலுங்கு ஊர்ல தமிழ்! திருநெல்வேலிப் பக்கம்.

"வெளிய பூட்டிட்டுத்தாம்மா ஆபீஸ் போறாவ. சாயங்காலம் இங்க கூட்டிட்டு வாராவ. அவ்வளவுதான்... இல்லம்மா, அழல. அழுதா வெளிய கேக்கும்."

அந்த அம்மா என்ன சொன்னாங்களோ. "சரி, பொறுத்துக்கிடுதேன்"னு வச்சிடுச்சு.

வெளிய வந்தப்ப, "எந்த ஊரும்மா?"ன்னு கேட்டேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. "அம்பாசமுத்திரம்"னு உதடு மட்டும் அசைஞ்சுது.

ஜூலை 12, சனி

செம கூட்டம். சூப்பர்வைசர் வந்து, "இத்தனை நேரம் நக்கோ, கூடாது, கதவைத் தட்டு"ன்னார். தட்டினேன்.

"கொஞ்ச நேரம் இருந்துக்கிடுதேன்க்கா. தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கது இங்க மட்டுந்தான்."

ஜிப் மாட்டிக்கிச்சுன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்.

பேர் சுபா. அன்னைக்கு அம்மாகிட்ட பேசினதுக்கப்புறம் போனை வீட்டுக்காரர் வாங்கி வச்சுக்கிட்டாராம். அண்ணன்கிட்ட பேசணும், என் போன் கிடைக்குமான்னு கேட்டுது. எங்க போனெல்லாம் லாக்கர்ல. மாடிக்குக் கொண்டு வந்தா வேலை போயிடும். முடியாதுன்னேன்.

வீட்டுல இவர்கிட்ட சொன்னேன். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஓவர்டைம் பாத்துட்டு வந்த களைப்பு. "கைக்கு? நமக்கு ஏன் இந்த வம்பு?"ன்னார். சோத்துல கை வச்சுட்டு அப்புறம், "டெய்லி பூட்டறானா?"

"ஹவ், தினமும்தான்."

சாப்பாடு பாதி மிச்சம் வச்சுட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

டூட்டி. சர்ச் பூசைக்குப் போகல.

போனை சாக்ஸுக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போனேன். சுபா இருந்த கடைசி ரூம் கதவுக்கு அடியில தள்ளினேன்.

பேசிட்டுப் போனைத் திருப்பிக் குடுத்துது. "அண்ணன் செவ்வாய்க்கெழம வாரானாம்க்கா. இந்தக் கடைக்கே வரச் சொல்லிட்டேன். வீடு பூட்டியில்லா கெடக்கும்."

அப்புறம் ஒரு மஞ்சக் குர்தாவை நிஜமாவே போட்டுப் பாத்து, கதவைக் கொஞ்சம் தொறந்து, "நல்லாருக்காக்கா?"

நல்லாத்தான் இருந்துது.

ஜூலை 15, செவ்வாய்

நடந்ததை எழுதிடறேன்.

சாயங்காலம் வந்தாங்க. சுபா உள்ள, அவர் சோபாவுல. கொஞ்ச நேரத்துல தோள்ல பையோட ஒருத்தன். பாத்தாலே அண்ணன்னு தெரியுது, அதே மூக்கு. நேரா சோபாவுக்குப் போனான். அவர் எழுந்து கை குடுத்தார்.

"மாப்ள, அவ வெவரம் இல்லாத புள்ள. நான் புத்தி சொல்லிட்டுப் போறேன். நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க."

எனக்குத் தமிழ் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. பக்கத்துல பக்கத்துல உக்காந்து காபி குடிக்கறாங்க.

நான் கடைசி ரூமுக்குப் போனேன்.

"அண்ணன் வந்துட்டானாக்கா?"

"வந்துட்டார்."

"எங்க நிக்கான்?"

சொல்லாம இருக்க முடியல. "உங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்திருக்கார். உனக்குப் புத்தி சொல்ல வந்தாராம்."

கதவு தொறந்துது. அழல.

"வெளிய போக வேற வழி இருக்காக்கா?"

இருக்கு. டிரையல் ரூம் பின்னாடி ஸ்டோர், அதத் தாண்டி ஸ்டாஃப் லிஃப்ட். கஸ்டமரை விடக்கூடாது. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். லாக்கர்ல பையை எடுத்துக்கிட்டேன். கீழ குப்பை வண்டிக்குப் பக்கத்துல சுபாவை மட்டும் ஆட்டோவுல ஏத்திவிடலாம்னுதான் நெனச்சேன். எங்க போகச் சொல்றது? நானும் ஏறிட்டேன்.

வீட்டுல ஷாரன், "மம்மி, ஹூ இஸ் ஷி?" சுபான்னேன். இவர் வந்தார், பாத்தார். அப்படியே திரும்பி மளிகைக் கடைக்குப் போய் முட்டை வாங்கிட்டு வந்தார்.

சூப்பர்வைசர் போன் மேல போன். எடுக்கல. அந்த அண்ணன் நம்பரும் வருது. என் போன்லேர்ந்துதானே சுபா அவனைக் கூப்பிட்டுது. அதையும் எடுக்கல.

இப்ப சுபா அதே போன்ல அம்மாகிட்ட பேசுது. "நல்லாருக்கேம்மா. சாப்பிட்டேன். முட்டக் கொழம்பு." எங்க இருக்கேன்னு கேட்டிருப்பாங்க போல. அதை மட்டும் சொல்லல. வச்சிடுச்சு.