கோச்சா, மேனேஜரா?

12 ஆகஸ்ட், ஞாயிறு. ஆவடி.

எங்கள் ஃபேக்டரி ஹாக்கி டீம் தோற்றுக்கொண்டே இருக்கிறது. கோச் தணிகாசலத்தை மாற்றுவதா, மேனேஜரான என்னை மாற்றுவதா என்று இன்று கமிட்டி கூடியது. அதற்கும் இருவரும் என் ஸ்கூட்டரில்தான் போனோம்.

நைட் ஷிப்ட் முடித்த பையன்கள் தூங்கி வழிந்தபடி ஆடுகிறார்கள். ஷிப்டை மாற்றி வாங்கித்தர வேண்டியவன் நான். எந்த ஃபோர்மனும் என்னை மதிப்பதில்லை. கடைசியில் கமிட்டி என்னையே நீக்கிவிட்டது. அப்பாடா!

திரும்பும்போது தணிகாசலம் பின்னால் உட்கார்ந்து புலம்பினான். "நீ பூட்டா, ஷிப்ட மாத்த நான் யாராண்ட அண்ணாத்தே கேக்கறது?"

"என்னாண்ட கேட்டப்ப மட்டும் இன்னா கிழிச்சேன்?" என்றேன். சிரித்துவிட்டான்.

மேனேஜராக இருந்த பாவத்துக்கு இத்தனை நாளும் அவனுக்கு வக்காலத்து வாங்கினேன். அடுத்த ஞாயிறு மேட்சில் மைதான வேலிக்கு வெளியே நின்று, எல்லோரையும் போல நானும் வாய்விட்டுக் கத்தலாம்: "கோச்ச மாத்துங்கடா!"