பாட முடியாத வேகத்தில் சித்திரை வீதி

என்னங்க,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் காதைக் கொடுங்கள். உங்கள் சம்சாரம் இப்போது ஸ்ரீரங்கத்தில் பெரிய பக்தை. நம்புவீர்களா? பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, விளக்கேற்றவே சோம்பல்படுகிறாள் என்று கேலி செய்வீர்களே, அவளேதான்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் தென்னூர் ஜவுளிக்கடையில் வேலை முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றேன். வீட்டுக்கு எந்த பஸ் என்று தெரியவில்லை. நான் தினமும் ஏறுகிற ஒன்றாம் நம்பர் பஸ், அதுதான் மறந்துபோனது. பஸ்கள் வந்து வந்து போயின, நான் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

எச்.ஐ.வி. உங்களைக் கொண்டுபோன காலம் வேறு. இன்று தினமும் மாத்திரை போடுகிறேன். பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கிருமி அடங்கிக் கிடக்கிறதாம். எனக்குத் தலை நரைக்கும் என்று நாம் இருவரும் நினைத்ததுண்டா? நரைத்துவிட்டதுங்க! கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது.

ஆனால் கிருமி அடங்கினாலும் சிலருக்கு மூளை சீக்கிரமே தளரலாம் என்றார், மாத்திரை தருகிற ஆஸ்பத்திரி டாக்டரம்மா. மறதியில் மாத்திரையை விட்டால் கிருமி மறுபடி தலைதூக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நமக்குப் பிள்ளை இல்லை. உங்களை நினைத்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நானும் மறந்துவிட்டால் நீங்கள் எங்கே போவீர்கள்?

“மாத்திரையை விட்டுடாதீங்க. கூடவே தினமும் வேகமா நடங்கம்மா,” என்றார் அவர். “மூச்சு வாங்கணும். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.”

“நடந்தா ஞாபகம் திரும்பிடுமாங்க?”

“சத்தியம் பண்ண மாட்டேன். இன்னும் ஆராய்ஞ்சுக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா உடம்பு அசையுறது மூளைக்கும் நல்லதுன்னு தெரியுது.”

விடியற்காலையில் சித்திரை வீதியில் இறங்கினேன். இந்த ஊரில் கோயிலைச் சுற்றி ஒருத்தி தினமும் நடந்தால் அது வேண்டுதல்தான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. எனக்கும் அது வசதியாகப் போயிற்று. ஆனால் எதிர்வீட்டு வைதேகி மாமியும் கூடவே கிளம்பிவிட்டார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். பஜனை வேறு ஆரம்பித்தார்கள்.

நான் வேகத்தைக் கூட்டினேன். பாட்டு பாதியில் நின்றது.

“பெருமாளைச் சுத்தறச்சே வாயைத் திறந்து ஒரு நாமா சொல்லப்படாதா? என்னடி வேண்டுதல் இது?” என்று மாமி மூச்சிரைக்கக் கேட்டார்.

“பாடக் கூடாதுங்கிறதுதான் வேண்டுதல், மாமி.”

அதையும் நம்பினார். மறுநாளிலிருந்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். நீங்கள் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

சில மாதங்களில் பஸ் நம்பர் தடுமாறுவது நின்றது. கடைக்கு வருகிறவர்களின் பெயர்கள் வாயில் வந்தன. ஒருநாள் தெற்குச் சித்திரை வீதியில் போகும்போது, சங்கு ஊதியதும் பணிமனையிலிருந்து சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்று, “சோறு ஆச்சா?” என்று கேட்கிற உங்கள் குரல் அப்படியே கேட்டது. காதோரத்தில் ஒட்டியிருக்கும் கிரீஸ்கூடத் தெரிந்தது. நடையாலா, மாத்திரையாலா, தானாகவா? டாக்டரம்மாவுக்கே நிச்சயமில்லை. கால் நடந்தால் தலைக்குள் தூங்குவது எப்படிங்க விழிக்கிறது? இதையெல்லாம் பத்திரமாக வைத்திருந்த உடம்பையா இத்தனை நாள் நொந்துகொண்டிருந்தேன்?

போன வாரம் ஒருநாள் மாமியும் நானும் மட்டும்தான். வடக்குச் சித்திரை வீதியில் திரும்பும்போது, “யாருக்காகடி இத்தனை வேண்டுதல்?” என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை. நின்றுவிட்டேன்.

“எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, மாமி. எங்க வீட்டுக்காரர் அதுலதான் போனார். புத்தி தடுமாறாம இருக்கத்தான் நடக்கிறேன்.”

மாமி என்னையே பார்த்தார். விஷயம் தெருவெல்லாம் பரவி வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்குமோ என்றுகூட நினைத்துவிட்டேன்.

“அதுக்கு ஏன்டி நின்னுட்டே?” என்றார். “மூச்சு ஆறிடப்போறது. நட!”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அழுதுகொண்டே நடந்தேன். அவர் விடவில்லை.

கால் உள்ளவரை நடப்பேங்க, மாத்திரையும் தவறாது. நீங்கள் குடியிருக்கும் இடம் என் தலை ஒன்றுதான். அதைக் காலி செய்ய விடமாட்டேன்.

இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு,
உங்கள் சம்சாரம்