அளவையியல் வாத்தியாருக்கு அடித்த பறை

மச்சான்,

இன்று பின்னேரம் பக்கத்து வளவில் யாரோ வைக்கோல் கொளுத்தினார்கள். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். வைக்கோல் புகை என்றால் மற்றவர்களுக்கு வெள்ளாமை வெட்டு ஞாபகம் வரும். எனக்கு உன் நினைவுக் கூட்டம் வருகிறது. மண்டபத்துக்குப் பின்னால் சில பெடியன்கள் வைக்கோல் நெருப்பில் பறைக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள், உனக்கு அஞ்சலி செலுத்த.

உனக்குப் பறை! கேட்டிருந்தால் முதலில் சிரித்திருப்பாய், பிறகு வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பாய்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாக மெய்யியல் படித்தவர்கள். பிறகு நான் ஏறாவூரிலும் நீ கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலும் வாத்தியாரானோம். நீ அளவையியல், அதாவது தர்க்கம், படிப்பித்தால் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காரும். "தொடக்கத்தில வைக்கிற எடுகூற்றில இல்லாதது முடிவில வரப்படாது" என்பாய். நகரத்தில் சமூக நீதி, அடையாளம் என்று கருத்தரங்கு வைப்பவர்கள் ஒரு நாளாவது உன்னை அளவையியல் பேசக் கூப்பிட்டார்களா? பறையடித்தவரின் மகன் என்று கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிட்டது, மேடையில் ஒரு முஸ்லிம் வேண்டும் என்பதற்காக. ஒடுக்கப்பட்டவர் பேசுவதைக் கேள் என்று இன்றைய மெய்யியல் சொல்கிறது. இவர்களும் கேட்டார்கள்தான், தங்களுக்கு வேண்டியதை மட்டும்.

ஒருமுறை மேடையில் என் காதுக்குள் சொன்னாய்: "உன்னட்ட கேக்கிறது முஸ்லிம் நிலைப்பாடு, என்னட்ட கேக்கிறது அனுபவம். யோசிக்கிறதுக்கு வேற ஆக்கள் இருக்காங்கடா." சிரிப்பை மறைக்க நான் இருமினேன்.

அன்றுதான் தலைமை தாங்கியவர் உன்னிடம், "அடுத்தமுறை பறையோட வாங்க சேர், சபை களைகட்டும்" என்றார். நீ மெதுவாகத்தான் பதில் சொன்னாய்.

"செத்த வீடுகளில வேலிக்கு வெளிய நிண்டு அடிச்சவர் எங்கட அப்பா. என்னைப் படிப்பிக்கத்தான் அதை விட்டுட்டு வயல் வட்டைக்குக் கூலிக்குப் போனவர். அடிக்க விரும்புறவன் அடிக்கட்டும், அது அவன்ட உரிமை. என்னை ஏன் அடிக்கச் சொல்றீங்க?"

அவர் தலையாட்டி, "இதுதான் உண்மையான வலி" என்றார். சபையும் கைதட்டியது. நீ கேட்டது கேள்வி, மச்சான்.

பிறகு ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. நினைவுக் கூட்டத்துக்கும் அவரே தலைமை. பறையோடு பெடியன்கள் மேடையேறியதும் உன் தங்கச்சி எழுந்தாள். "அண்ணா உயிரோட இருக்கக்குள்ள வேணாமெண்டு சொன்னவர். செத்தாப் பிறகு அவர்ட சம்மதம் மாறுமா?" என்றாள். நீயே கேட்பது போலிருந்தது. தலைவர் ஒலிவாங்கியில், "தங்கச்சி உணர்ச்சிவசப்பட்டுட்டா" என்றார். நானும் எழுந்து மறுத்தேன். "முஸ்லிம் நண்பரின் ஆதங்கத்தையும் மதிக்கிறோம்" என்றார். மதித்துவிட்டு அடிக்கச் சொன்னார்.

பெடியன்களில் எனக்குக் கோபமில்லை, அன்போடுதான் அடித்தார்கள். ஆனால் உன் அப்பா தோளில் மாட்டி அடித்த நம்மூர் இருமுகப் பறைமேளம்கூட இல்லை அது. எங்கேயோ பயிற்சிப் பட்டறையில் பழகிய வட்டப் பறை. உன் அப்பாவின் பெயரில் உன்னை மறந்தார்கள். அவரையாவது சரியாக நினைத்தார்களா?

உன் தங்கச்சி வெளியே நடந்தாள். நானும் பின்னால் போனேன். பஸ் தரிப்பிடத்தில் இருந்தபோது அவள் அழவில்லை.

"அண்ணாட பாடத்தப் பத்தி எப்ப பேசுவாங்க, நானா?" என்று கேட்டாள்; என்னையும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"பேச மாட்டாங்க புள்ள," என்றேன்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது.

உன் பொறுமை எனக்கு வரவில்லை, மச்சான். உன் கோபம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அதை நான் ஆற விடப்போவதில்லை.