பேருந்தில் ஏறாத ஒருவர்

நவம்பர் 13, திங்கள்

பயிற்சிக் குறிப்பு எழுதக் கொடுத்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் கதையை எழுதுகிறேன். தப்புதான், கொடுத்தவர்கள் மன்னிக்கட்டும். நாலு பேர் முன்னால் பேச வராதவள் வேறு எங்கே போவாள்?

அமைதிப்படைப் பயிற்சி முகாமில் முதல் நாள். இந்த வாரம் ஒத்திகைப் போர்: இரண்டு வல்லரசுகள் எங்கள் ஏரிக்கரையில் மோதுகின்றன. நாங்கள் ஐ.நா. பார்வையாளர்கள்.

எங்களுக்குப் பயிற்சி தரும் மேஜர் ஹில்க்கா சொன்னார்: "போரை நம்மால நிறுத்த முடியாது. ஐ.நா. சபையில எந்தத் தீர்மானம் வந்தாலும் ரெண்டுல ஒருத்தர் தடுத்துடுவாங்க. நம்மகிட்ட இருக்கிறது ரெண்டு போன், ஒரு பாலம். விடாம கேட்டா ஒரு மணி நேரம் சுடாம இருப்பாங்க, அதுக்குள்ள ஊர்மக்களைப் பாலம் தாண்டி அனுப்பிடலாம்."

அந்தக் கேட்கிற வேலை எனக்கு. எனக்கா!

நவம்பர் 14

குரலே எழும்பவில்லை. போனின் அந்தப் பக்கம் தளபதியாக நடிப்பவர், "என்ன, எலி ஏதாவது பேசுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

நவம்பர் 15

ஊர்மக்களாக நடிக்கச் சுற்றுவட்டாரத்திலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள். பட்டியலில் அப்பாவின் பெயர் - தைஸ்தோ!

மரம் அறுக்கும் இயந்திரம் ஓட்டிய வேலை போனதிலிருந்து வீட்டைவிட்டு நகராதவர். என்னிடம் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வார்? எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படிக்க ஹெல்சிங்கி போன நாளிலிருந்து ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வீட்டுச் சமையலறைச் சுவரில் இருக்கும் போனுக்கு அழைப்பேன். பனி எவ்வளவு, நாய் எப்படி, சரி வைக்கிறேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

நவம்பர் 16, வியாழன்

கிடைத்துவிட்டது! பதினொன்று முதல் பன்னிரண்டு வரை இரு தரப்பும் சுடாது. "கேக்கலைன்னா மறுபடி சொல்றேன் சார்" என்று ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஊர்மக்களை ஏற்றிப்போகப் பாலத்தருகே பேருந்து நின்றது. அப்பாவுக்குக் கொடுத்த அட்டையில், மாட்டை விட்டு வர மறுக்கும் கிழவர் வேடம். தெரியாதவள் போலப் போய் நின்றேன்.

"ஐயா, மாட்டுக்கு ஏதாவது வழி பார்க்கிறோம். நீங்க ஏறுங்க."

"மாடு கிடக்கட்டும் ஆபீசரம்மா. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு என் பொண்ணு போன் பண்ணுவா. யாரும் எடுக்கலைன்னா பயந்துடுவா."

அட்டையில் அது இல்லை.

ஒரு வார்த்தை - ஒரு வார்த்தை வந்ததா எனக்கு? பன்னிரண்டு மணிக்கு அவர் இல்லாமலே பேருந்து போய்விட்டது. ஒத்திகை நடுவர் அப்பாவின் கையில் வெள்ளை நாடா கட்டினார். இறந்தவர் என்று அர்த்தம்.

மதியம், எங்கள் நாட்டு ராணுவத்தில் எல்லா வியாழனும் போலப் பட்டாணி சூப், கலந்துகொள்ள அரைத்த கடுகு. அப்பா நாடாவோடு வரிசையில் நின்று, "செத்தவனுக்கும் உண்டா?" என்றார்.

"கடுகை நிறையப் போட்டுக்கோ, எழுந்துடுவே" என்றாள் சமையல்காரி.

முப்பத்தொன்பது பேர் தப்பித்தார்கள் என்று மேஜர் என்னைப் பாராட்டினார்.

நவம்பர் 19, ஞாயிறு

ஆறு மணி. முதல் மணியிலேயே எடுத்தார். பனி முழங்கால் வரை. நாய் நலம். சரி வைக்கிறேன்.

ஜனவரி 8

அமைதிப்படைப் பணிக்கு உத்தரவு வந்து இன்று ஊரிலிருந்து கிளம்பினேன். இது ஒத்திகை இல்லை. செய்திகளில் வல்லரசுகள் நிஜமாகவே முறைத்துக்கொண்டிருக்கின்றன.

அப்பா பேருந்து நிலையம் வரை என் பையைத் தூக்கி வந்தார். கைப்பிடியில் அதே வெள்ளை நாடா. "எல்லாப் பையும் கறுப்பு. மாறிப் போயிடக் கூடாதில்ல" என்றார்.

படியில் நின்றபடி, கதவு மூடுவதற்குள், ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்:

"அப்பா, நிஜமா ஒரு நாள் அந்த பஸ் வந்தா, போன் அடிச்சுக்கிட்டே கிடக்கட்டும். நீங்க ஏறிடுங்க. எங்க இருந்தாலும் நான் தேடிப் பிடிச்சுக்கிறேன்."